எறும்பு ஊரும் கை

ஒரகடத்தில் கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிப்போட்டு, மாரிசெல்வி தயிர்சோறு பிசைகிறாள். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் டிபன் பாக்ஸ் மூடி நடுங்குகிறது. இடது கையில் எறும்பு ஊர்கிறது. உதறிப் பார்க்கிறாள், ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கலைமதி அலறுகிறாள். "யக்கா, கால பாரு! எறும்பு மொய்ச்சிகினு கீது!" வலது பாதத்தில் செவ்வெறும்புகள் கடித்துத் தொங்குகின்றன. மாரிசெல்வி யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்க்கிறாள். "ஏட்டி, எனக்குத் தெரியவே இல்லியே." கை கால் மரத்துப்போவது எம்.எஸ். என்ற நரம்பு நோயால், நோயை எதிர்க்க வேண்டிய ரத்த அணுக்களே நரம்பின் உறையை அரிக்கின்றன, குடலில் வாழும் கிருமிகள் அந்த அணுக்களைத் தூண்டிவிடலாம் என்று நேற்று டாக்டர் சொன்னார். வயிறு உறுமுகிறது. இந்தச் சோறு தனக்கா, அந்தக் கிருமிகளுக்கா என்று கவளம் வாயருகே நின்றுவிடுகிறது. "சாப்புடுக்கா, டைம் ஆவுது." மாரிசெல்வி விழுங்குகிறாள். உள்ளே யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல் உறுமல் சட்டென்று அடங்குகிறது.