ஆடாத தளம்

“குதிச்சே பாருங்க மேடம். ஒரு ஆட்டம் இருந்தா என்னைக் கேளுங்க” என்ற மேஸ்திரி, தானே இரண்டு முறை குதித்தும் காட்டினார்.

மாடித் தளம் அசையவில்லை. பொறியாளருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நூறு வருஷத்துச் செங்கல் கட்டடம். சுவருக்குள் பேருக்குக்கூட ஒரு கம்பி கிடையாது. இரண்டு வருஷம் முன்பு அவள் சோதிக்க வந்தபோது இந்தத் தளம் நடந்தாலே பழைய கட்டில் மாதிரி ஆடியது. இப்போது மரச்சட்டங்களின் மேல் இரண்டடுக்குப் புதுப் பலகை, சாணுக்கு ஒரு திருகாணி. வேலை படு சுத்தம்.

படு சுத்தமாக வேலை செய்கிறவர்கள் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு கண்.

கீழே தையல் வகுப்பு. முப்பது மெஷின்கள் ஓடுவது காலில் தெரிந்தது. அந்த முப்பது தலைகளுக்கு மேலே நாளை நூலகம் திறக்கிறது, அவள் கையெழுத்துப் போட்டால்.

சுவரோரம் ஓடிய மரப்பட்டியைக் கழற்றச் சொன்னாள்.

“நேத்துதான் பெயின்ட் அடிச்சது மேடம்...” மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மனுஷன் எதையோ பூசி மெழுகுகிறார்.

பட்டி கழன்று வந்தது. தளத்துக்கும் சுவருக்கும் நடுவே தன் இரும்பு ஸ்கேலை விட்டாள். எதிலும் இடிக்காமல் முழுசாக இறங்கியது. நான்கு பக்கமும் பார்த்தாள். தளத்தைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை ஒன்றுகூட இல்லை.

தளம் விறைப்பாக இருந்தால் மட்டும் ஆயிற்றா? பூமி குலுங்கினால் தளம் மொத்தமாக ஒரு பக்கம் நகரும், சுவர் இன்னொரு பக்கம் சாயும். இரண்டையும் கட்டிப்போடாவிட்டால் தையல்காரிகள் தலையில்தான் எல்லாம் வந்து உட்காரும்.

“பட்டை எங்க?”

“எந்தப் பட்டை?”

என்ன நடிப்பு! அவள் கேட்டிருந்த அறுபது பட்டையையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒரு முழி.

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். அடியில் ‘பக்கம் 1 / 2’ என்றிருந்தது.

இரண்டாவது தாளைக் கேட்டாள்.

“நீங்க குடுத்தது இது ஒண்ணுதான் மேடம்.”

யார் காதில் பூ சுற்றுகிறார்? இனி இந்த ஊரில் இவருக்கு ஒரு செங்கல் வைக்கிற வேலைகூடக் கிடைக்கக் கூடாது. இன்றே புகார் எழுதிவிட வேண்டியதுதான். அலுவலகப் பிரதியை அவர் முகத்துக்கு நேரே காட்டுவதற்காக ஜன்னல் விளிம்பில் ஃபைலை விரித்தாள்.

முதல் தாள் இருந்தது. இரண்டாம் தாளும் இருந்தது: ‘தளத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்கவும். அறுபது இடங்கள்.’

அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு தாள். நகத்தால் நெம்பிப் பிரித்தாள்.

அதே இரண்டாம் தாள். மேல் மூலையில், அவள் கையெழுத்தில்: ‘மேஸ்திரிக்கு’.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“கெடச்சுதா மேடம்?”

அவள் ஃபைலை மூடினாள். மேஸ்திரியின் பார்வை, அதை அழுத்திப் பிடித்திருந்த அவள் கையிலேயே நின்றது.