வாராவாரம் துரு

மூன்றாவது ஞாயிறாகக் கணவன் உப்புத்தாளும் பெயின்ட் டப்பாவுமாகக் கிளம்பியதும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"மறுபடியும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்குச் சேவையா?"

"பாவம், தனியா இருக்காங்க. தோட்டத்துல வச்சிருக்கிற கிரில் அடுப்பு திரும்பவும் துருப்பிடிச்சிருச்சாம்."

"நம்ம வீட்டுக் கதவு கீச்சுகீச்சுன்னு கத்துது. அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட உங்களுக்கு நேரமில்ல!"

அவன் அலுத்துக்கொண்டான். "எனக்கு மட்டும் ஆசையா? சுரண்டி, பெயின்ட் அடிச்சு, உறையும் போட்டு மூடிட்டுத்தான் வரேன். ஒரே வாரத்துல துரு ஏறிடுது. அது மட்டும் நின்னா, அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

அவளுக்குப் பகீரென்றது.

அவன் போனதும் கொல்லைப்புறம் ஓடி, ஒளித்து வைத்திருந்த உப்புத்தண்ணீர் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

'அடுப்பு ஒழிஞ்சா இவர் போறதும் ஒழியும்னு தினமும் அதுல ஊத்தினேனே! நானேதான் இவரை வாராவாரம் அங்க அனுப்பி வச்சிருக்கேன்!'