ஜாக்கெட்டுக்கு இரண்டு கை

"நாலு நாள்ல ஜாக்கெட் கை வெட்டப் போறியா? ஊசியில நூல் கோக்கவே உனக்குக் கால் மணி நேரம் ஆகுதேடி!"

அஜீசா சிரித்தாள். சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொழிச்சலூரில், வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் இந்தப் பள்ளித் தோழியின் வீட்டுத் தரையில், விரித்த செய்தித்தாளின் முன் கத்தரிக்கோலோடு மண்டியிட்டிருந்தாள்.

"சிரிக்காதடி. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட அம்மா வந்து எதிர்ல உக்காந்துடுவாங்க."

"எல்லாம் உங்கப்பா வாய் பண்ண வேலை."

அது என்னவோ உண்மை. பாலகுருவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை. அலுமினியக் குண்டானைத் தட்டிக் காட்டி, பேரன் காலம் வரைக்கும் நெளியாது என்று சத்தியம் செய்கிற வாய், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் மட்டும் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை மகேஷின் அம்மா கங்கையம்மாள், தான் கோவிலம்பாக்கத்தில் பதினைந்து வருடமாகத் தையல் கிளாஸ் நடத்துவதாகச் சொன்னதும், "அடடே, எங்க சத்யாவும் தையல்ல புலியாச்சே! அவ ஜாக்கெட்டெல்லாம் அவளே தைச்சுக்குவா" என்று எடுத்துவிட்டார். சத்யப்ரியா அதுவரை பிய்ந்த பட்டனுக்கே ஊக்கு குத்திச் சமாளித்தவள்.

கங்கையம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "அப்படியா? நல்லதாப் போச்சு. என் ஜாக்கெட் ஒண்ணு கீது. உடம்பு தைச்சாச்சு, கை மட்டும் பாக்கி. வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாறேன். என் எதிர்லயே வெட்டி வெச்சுக் குடும்மா. கை வைக்கத் தெரிஞ்சவதான் தையல்காரி."

மூன்று வரன் தட்டிப்போன பிறகு வந்தவன் மகேஷ். அவனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் இவளுக்குச் சோறு இறங்காது.

"பேசாம நெஜத்தைச் சொல்லிடேன்" என்றாள் அஜீசா.

"எங்கப்பா புளுகினாருன்னு நானே சொல்லணுமா? பேச்சு அங்கேயே முறிஞ்சிடும்டி. நீ அடுத்த பேப்பரை எடு."

நான்கு நாளில் இரண்டு மாதத்துப் பேப்பர் காலி. கையின் மேல்முனையில், தோளோடு சேரும் இடத்தில் வளைவு. அதில் முன்பக்கம் ஆழமாகக் குடைய வேண்டும், பின்பக்கம் மேலோடு. வெட்டினாள், எறிந்தாள், மறுபடி வெட்டினாள். தூக்கத்தில்கூட வளைவு போட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வெட்டிய காகிதக் கையை அஜீசா தூக்கிப் பார்த்தாள்.

"தேறிட்டடி! துணியும் இதே மாதிரிதான். தைரியமாப் போ."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கங்கையம்மாள் வந்துவிட்டாள். பையிலிருந்து கையில்லாத ஜாக்கெட்டும், ஜரிகைப் பூ போட்ட கொஞ்சம் துணியும் வெளியே வந்தன.

"துணி இவ்ளோதான் கீது. பாத்து வெட்டும்மா."

நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அஜீசாவிடம் இரவல் வாங்கிய மெஷின் அறை மூலையில் புலி மாதிரி உட்கார்ந்திருந்தது. பாலகுரு பக்கத்தில் நின்றுகொண்டு, "கை கொஞ்சமாவது ஆடுதா பாருங்கம்மா!" என்று சரக்கைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

காகிதத்தை வைத்து ஒரு கை வெட்டினாள். அதே காகிதத்தை அதே மாதிரி வைத்து இன்னொன்று. இரண்டையும் ஜாக்கெட்டின் தோளில் பொருத்திப் பார்த்தாள். வலது கை சரியாக உட்கார்ந்தது. இடது கையின் ஆழமான குடைவு முதுகுப் பக்கம் போய் நின்றது. துணியைத் திருப்பினால் ஜரிகையின் நூல் பிசிறெல்லாம் வெளியே வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காகிதத்துக்கு ஏது நல்ல பக்கம், கெட்ட பக்கம்? எப்படித் திருப்பினாலும் இரண்டு தோளுக்கும் பொருந்தும். துணியில் ஒன்றுக்கு ஒன்று எதிராக அல்லவா வெட்டியிருக்க வேண்டும்! வெட்டியது இரண்டும் வலது கை. தையல் கற்றுக்கொள்ளப் போன முதல் வாரத்துப் பெண்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற தப்பு. மிச்சத் துணியில் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

"இன்னாம்மா, ஆச்சா? கொண்டா, பாக்கலாம்."

இரண்டையும் நீட்டினாள்.

கங்கையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையின் மேல் மற்றதை வைத்து, ஓரத்தை ஒரு சுற்று தடவினாள். இன்றைக்கு ராத்திரி மிஸ்டு கால் வராது என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள் சத்யப்ரியா.

"யம்மாடி! ரெண்டு கையும் அச்சடிச்சா மாதிரி ஒண்ணு போலவே கீதே! ஒரு நூல் வித்தியாசம் இல்லியே!"

கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த முகத்தில் கிண்டல் இல்லை, மகிழ்ச்சி பொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடம் கிளாஸ் நடத்தியவள் கண்ணில் இந்தத் தப்பு படவில்லையா? புளுகின் வாசனை சத்யப்ரியாவுக்குத் தெரியும். அப்பாவின் ரத்தமாயிற்றே.

"அத்தை, இந்தக் கையை வெச்சுத் தைக்கிறதை மட்டும் நீங்களே ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள்.

கங்கையம்மாள் மெஷினைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு பாலகுருவுக்குக் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தாள்.

"கிளாஸ் என் பேர்லதாம்மா கீது; சொல்லிக் குடுத்துக்கினு இருந்த மாஸ்டர் இந்த ஜாக்கெட்டைப் பாதியில போட்டுட்டு ஓடிப்போயி ரெண்டு வாரம் ஆவுது. உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க, எனக்கும் ஒரு வாரத்துல வந்துடுமா?"