குரலுக்கு வரும் மீன்கள்

அமிலத்தால் செத்துப்போன ஏரியில் மூன்றாம் முறை விட்ட கெண்டைகள்தான் பிழைத்தன. முட்டையிலிருந்தே ஜெசிந்தாவின் குரலைக் கேட்டு வளர்ந்தவை அவை. மழை பெய்து தண்ணீரில் அமிலம் ஏறும்போதெல்லாம் அவள் கரையில் நின்று கூப்பிட, அமிலம் முறியச் சுண்ணாம்பு கரைத்த மூலைக்கு வந்துவிடும். பதிவு செய்த குரலுக்கு வரவில்லை. அதனால் மூன்று வருடமாக அவளால் ஏரியை விட்டு நகர முடியவில்லை.

"இங்கயே பொறக்கிற குஞ்சுங்க இந்தத் தண்ணிக்குப் பழகிடும். அப்புறம் நீங்க ஊருக்குப் போயிரலாம்க்கா" என்றிருந்தார் மீன்வளத்துறை அதிகாரி மாதேஸ்வரன்.

ஐப்பசியில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. ஜெசிந்தா தூத்துக்குடிக்குப் போன் போட்டாள். அவள் மகள் மெலிசா அங்கே சித்தி வீட்டில் வளர்கிறாள்.

"நெசமாத்தான் வாரியாம்மா?"

"நாளைக்கே வாரேன், தங்கம்."

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போகலாமென்று பெட்டியோடு கரைக்கு வந்தாள். பெரிய மீன்கள் வந்தன. அவற்றின் பின்னால், அவள் ஒருநாளும் பழக்காத குஞ்சுகளும் கூட்டங்கூட்டமாக வந்து நின்றன.

குடையோடு ஓடிவந்த மாதேஸ்வரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுங்களும் உங்க குரலுக்கு வருதுக்கா! நீங்க இருக்கிற வரைக்கும் ஏரிக்குக் கவலையே இல்ல."

அவள் போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டியாம்மா?"

ஜெசிந்தா பெட்டியை ஈரக் கரையில் இறக்கி வைத்தாள்.