மேல்மலையில் எட்டு நிமிஷம்

“வேகம் நாலுன்னு காட்டுதே, நிலா. வீடியோ இருநூத்தி நாப்பது, அத நாலால வகுத்தா அறுபது செக்கன். ஒரு நிமிஷத்துல போயிரும்ல?”

இருதயம்மா விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். எண்கள் மட்டும் அவளுக்கு முந்தியே வசப்பட்டிருந்தன. பறித்த கொழுந்தை மனசுக்குள்ளேயே நிறுத்துப் பார்க்காத பொம்பளை தோட்டத்தில் ஏது?

மகள் நிலக்ஷனா பாறையின் உச்சியில் ஏறி, போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கீழே லயத்து வீடுகளில் ஒரு கோடுகூட வராத சிக்னல் மேல்மலைப் பாறையில் மட்டும் மூன்று கோடு காட்டும்.

போனில் இருந்தது நேற்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்குக்குள் மறைத்து இருதயம்மா எடுத்த வீடியோ. தராசு காட்டிய எண் இருபத்து மூன்று. தராசைப் பிடித்துக்கொண்டு மரியநாயகம் கங்காணி சத்தமாகச் சொன்னது பதினெட்டு. அவளுக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற ஒவ்வொருத்திக்கும் ஐந்து கிலோ இப்படியே காணாமல் போனது. கங்காணிக்கு மேலே இருக்கும் உதவி மேனேஜர் சின்னத்தொரைக்குத் தெரியாமல் இது நடக்காது.

மூன்று மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் பதுளை தொழில் அலுவலகத்துக் கஜரூபன் ஐயா. அதற்குப் பிறகு எடை மோசடி பற்றிய அவர் அறிக்கை கொழும்புக்குப் போய்விடுமாம். இப்போது மணி இரண்டரை.

“வாட்சப்புல போட்டிருந்தா இந்நேரம் போயிருக்குமே?”

“அது அமுக்கி அனுப்பும்மா. தராசு நம்பர் மங்கிரும். அப்புறம் பதினெட்டேதான்னு சாதிப்பாங்க.”

ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. திரையில் பச்சைக்கோடு கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது.

“என்ன புள்ள, இப்படி நொண்டுது?”

நிலக்ஷனா பதுளையில் போன் கடையில் வேலை செய்பவள். தெரிந்த விஷயம்தான். பயத்தில் அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

“அய்யோ, அம்மா... இந்த நாலு, மெகாபிட். வீடியோ, மெகாபைட். எட்டு பிட்டு சேர்ந்தாத்தான் ஒரு பைட்டு.”

“எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.”

“ஒன்ன றாத்தல்ல சொல்றான், ஒன்ன கிலோவுல சொல்றான்னு வச்சுக்க. நாலு மெகாபிட்டுன்னா செக்கனுக்கு அரை மெகாபைட்டுதான் போகும். எட்டு நிமிஷம் ஆகும்.”

“எட்டுல ஒன்னுதானா? சின்னத்தொரையே தேவலாம் போல. இருபத்திமூணுல அஞ்சத்தானே வெட்டுறாரு.”

மகள் சிரிக்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் மலை வளைவில் ஒரு கறுப்புக் குடை ஏறி வந்தது.

“அம்மா, கங்காணி.”

இருதயம்மா குடையைக் கூர்ந்து பார்த்தாள். பறிக்கிற ஆட்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நேரத்தில் அந்த மனுசனுக்கு இங்கே என்ன வேலை? வளைவிலிருந்து பாறைக்கு நாலு நிமிஷ ஏற்றம். வீடியோ போய்ச் சேர ஆறு நிமிஷத்துக்கு மேல் வேண்டும். போன் அவர் கையில் சிக்கினால் வீடியோவும் போச்சு, செக்ரோல் பேர்ப் பதிவில் இவள் பேரும் போச்சு.

“நீ கைய இறக்காத. நான் போய்ப் புடிச்சு வைக்கிறேன்.”

ஈரப்படிகளில் செருப்பு வழுக்க வழுக்க இறங்கி ஓடினாள். ஒற்றை ஆள் மட்டும் போகிற இடுக்கில் போய் மறித்து நின்றாள்.

“கங்காணியாரே, கொஞ்சம் நில்லுங்க. இந்த மாசம் எம் பேருல ரெண்டு நாள் குறையுது...”

“ஆபீஸ்ல போய்க் கேளு. வழிய வுடு.”

“கால எடுக்க முடியலங்க. அட்டை கடிச்சிருச்சு.”

“முப்பது வருசமா மலையில நிக்கிற. இன்னைக்குத்தான் அட்டையப் பாத்தியாக்கும்?”

அவள் காலைத் தேய்த்தபடி நகராமல் நின்றாள். கங்காணி குரலைத் தாழ்த்தினார்.

“ஒம் மக மேல போனத் தூக்கிக்கிட்டு நிக்குது. நேத்து படங்குக்குள்ள நீ என்னத்த வச்சிருந்தேன்னும் எனக்குத் தெரியும். ஒதுங்கு இருதயம்மா.”

“நாலே நாலு நிமிஷம் குடுங்கய்யா. அப்புறம் என்னைய என்ன வேணாலும் செஞ்சுக்கங்க.”

“ஒனக்கு நாலு நிமிஷம் குடுத்தா எனக்கு யாரு குடுக்குறது?”

இன்னும் ஏதேதோ சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் தேயிலைச் செடிகளுக்குள் கால் வைத்து, அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார். இருதயம்மா எட்டிக் குடையைப் பிடித்து இழுத்தாள். குடைதான் கையோடு வந்தது. மனுசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் மூச்சிரைக்க மேலே வந்தபோது கங்காணி பாறையடியில் நின்றார். நிலக்ஷனா தூக்கிய கையை இறக்கவில்லை. இறக்கினால் சிக்னல் அறுந்துவிடும்.

“எவ்வளவு போயிருக்கு?” என்று மகளைக் கேட்டாள் இருதயம்மா.

“நூத்துக்குத் தொண்ணூறு... தொண்ணூத்தி ஒன்னு.”

கங்காணியின் கை சட்டைக்குள் போனது. இருதயம்மா பாய்ந்து மகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

வெளியே வந்த கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு போன் இருந்தது.

“அது முழுசாப் போகட்டும், அப்புறம் இத அனுப்பு பாப்பா. ‘ஆளுக்கு அஞ்சு கிலோ வெட்டு, இல்லாட்டி ஒன் பேர வெட்டிருவேன்’னு சின்னத்தொரை எங்கிட்ட சொன்னது வீடியோவுல அப்படியே இருக்கு. கஜரூபன் ஐயா எனக்கும் மூணு மணின்னுதான் கெடு வச்சாரு. முந்நூறு காட்டுது, நேரம் காணுமா?”