ஐந்து வரை

ஃப்ரிட்ஜில் பேனா இல்லை.

முட்டைத் தட்டில்தான் வைத்திருந்தாள். தயிர்க் கிண்ணத்தை நகர்த்தினாள். காய்கறிப் பெட்டியை இழுத்துப் பார்த்தாள்.

மேல் கதவைத் திறந்தாள்.

ஊசிப் பேனா அங்கே இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் கட்டி.

ஃப்ரீசரில்.

கூடத்திலிருந்து கணவர் சொன்னார். இன்று முழுக்கக் கரண்ட் இருக்காது என்று நேற்றுப் பேப்பரில் போட்டிருந்தார்களாம். மருந்து சூடாகிவிடக் கூடாதே என்று நேற்று மாலையே எடுத்து மேலே வைத்துவிட்டாராம்.

“கரண்ட் வர்ற வரைக்கும் கதவையே தெறக்கல அம்மிணி. பாரு, ஐஸாட்ட இருக்கும்.”

ஐஸாகத்தான் இருந்தது.

சிங்க்கின் ஓரத்தில் ஐஸ் தட்டு கவிழ்ந்து கிடந்தது. பேனாவுக்கு இடம் வேண்டி அதை வெளியே எடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. தாகம் தாங்காதபோது ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வார்.

நேற்று மாலையிலிருந்து அதுவும் இல்லை.

மருந்து உறைந்துபோனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், உருகினாலும் அது மருந்தில்லை என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். அப்போது அவர் உள்ளே டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார்.

அவளுடைய சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியிருந்தது. அவளுடைய எடைதான் பொருந்தவில்லை. பத்து கிலோ குறைந்தால் அறுவை சிகிச்சைக்குத் தேதி தருவதாக டாக்டர் சொன்னார். பசியை அடக்க வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். இரண்டு பேனாவில் ஆறு கிலோ குறைந்தது.

டயாலிசிஸுக்குக் காப்பீடு உண்டு. அறுவை சிகிச்சைக்கும் உண்டு. இந்த ஊசிக்கு இல்லை. எடை குறைப்பது அழகுக்காகச் செய்வதாம். போனில் பேசிய பெண் அப்படித்தான் சொன்னாள்.

இந்த மூன்றாவது பேனாவுக்கு அவர் ஸ்கூட்டரை விற்றார். இப்போது டயாலிசிஸுக்குப் பஸ்ஸில் போகிறார்.

பழைய பேனா தீர்ந்து இருபத்தொரு நாள். பசி எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

நூலை அவிழ்த்தாள். பேனாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள்.

கை மரத்தது.

மெல்ல உருகியது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கூடத்துக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நடப்பதுதான். அவள் நாற்காலியில் உட்காருவாள். அவர் எதிரில் உட்காருவார். குத்தியபின் ஐந்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. எண்ணுவது அவர் வேலை.

வயிற்றின் சதையைப் பிடித்தாள். குத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

“ஒன்னு. ரெண்டு.”

அவர் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன.

“மூனு. நாலு.”

சொல்லிவிடலாம்.

“அஞ்சு.”

ஊசியை எடுத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்குப் போட்டுவிட்டுத் தனக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். கடுகு தாளித்த வாசனை அடிவயிறு வரை இறங்கியது. அந்த ஒரு கரண்டி சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

அவர் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கலியா?”

பானையில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மனதுக்குள் ஐந்து வரை எண்ணினாள்.

“பசிக்கலீங்க.”

“மருந்து கேக்குது,” என்றார்.

அவள் பானையை மூடினாள்.

ஐஸ் தட்டைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, மேலே அதன் பழைய இடத்தில் வைத்தாள். பேனாவைத் துடைத்து முட்டைத் தட்டில் வைத்தாள்.

அதில் இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகள் இருந்தன.