வெளுத்த படிகம்

நான்கு வருடமாக ஆய்வகத்தில் படிகம் வளர்க்கப் பார்த்தும் செண்பகராமனுக்கு வாய்த்ததெல்லாம் கண்ணாடித் தட்டின் அடியில் ஒட்டிய வெறும் பொடிதான். அவனுக்குப் பின்னால் வந்த பியூலாவுக்கோ முதல் வருடத்திலேயே கற்கண்டு போலத் தெளிந்த ஒரு படிகம் விளைந்துவிட்டது. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது, "பாத்துக்கங்கண்ணா" என்று அதை அவனை நம்பித்தான் விட்டுப் போனாள்.

அந்த உப்புப் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகள் இருந்தன. அவைதான் ஹைட்ரஜன் பிணைப்பால் இருபுறமும் பிடித்துக்கொண்டு மொத்தக் கட்டமைப்பையும் தாங்கி நின்றன. யாரிடமும் கேட்காமல் அவனே அதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தான். தெரிந்தேதான் படிகத்தைக் கரைசலிலிருந்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் ஜாடிக்குள் வைத்து மூடினான். மறுநாள் அது சுண்ணாம்புபோல வெளுத்துக் கிடந்தது. இடுக்கி பட்டதும் உதிர்ந்தது.

திரும்பி வந்த பியூலா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தப்புதாண்ணா. உள்ள தண்ணி இருக்கு, காயவிடக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். பத்திரமா இருக்கட்டும்னுதானே எடுத்து வச்சீங்க? சார்கிட்ட நானே கெடுத்துட்டேன்னு சொல்லிடறேன்."

அவனுக்கென்று கொண்டுவந்திருந்த கல்யாணப் பலகாரப் பையை நீட்டினாள். வாங்கக் கை எழவில்லை. காது மடல்வரை சுட்டது. தலையை ஆட்டினால் போதும், எல்லாம் இத்தோடு முடிந்துவிடும்.

"பியூலா," என்றான், தரையைப் பார்த்தபடி. "அதுல தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.